பந்தித் தகட்டில் நான் செய்த பிழை

1. ரெஜினா கேட்ட கேள்வி

அன்று திங்கட்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். குத்துக்கல்வலசையில் ரெஜினா நடத்தும் பைண்டிங் கடையில் உட்கார்ந்திருந்தேன். ரெஜினா நகைக்கடைகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவள். தகட்டில் வரைந்து அச்சடித்த எங்கள் எட்சிங் படங்களுக்கான துணி ஒட்டிய பெட்டியும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. பெட்டிக்குள் படங்கள் சரியாக உட்காருகின்றனவா என்று அளவு பார்க்க ஒரு செட்டை மட்டும் கொண்டுபோயிருந்தேன். மொத்தம் பத்துப் படங்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் வைத்து அடுக்கிக்கொண்டே வந்தவள், ஏழாவது படத்தில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, இது எந்த ஊருப் பந்தி? அம்புட்டுப் பேரும் பீச்சாங்கையால சாப்பிடுதாவ."

நானும் குனிந்து பார்த்தேன். இருபத்தொரு பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இருபது பேருடைய இடது கை சோற்றில் இருந்தது. வலது கை தொடை மேல் இருந்தது. ஓரத்தில் ஒருவன் மட்டும் வலக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவனைத்தான் இரண்டு பேர் தோளைப் பிடித்து எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"படம் அப்படித்தான்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது.

"இலையும் நுனி வலப்பக்கமால்லா கெடக்கு. கல்யாண வீட்ல இப்படிப் போட்டா அடிக்க வந்துருவாவளே" என்று சொல்லிவிட்டு ரெஜினா டிஷ்யூவை வைத்து மூடினாள். அவளுக்கு அதோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. ஏனென்றால் அந்தத் தகட்டில் படத்தை ஏற்றியது நான். அச்சுப் போட்டதும் நான். இன்னொரு பிரதி எடுக்க முடியாதபடி தகட்டின் மேல் குறுக்குக் கோடு கிழித்ததும் நானேதான்.

2. பிளாக் அண்ணாச்சி

என்னைத் தென்காசியில் பழைய அச்சகக்காரர்களுக்கு பிளாக் அண்ணாச்சி என்றால் தெரியும். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த நாட்களில் கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார், கடை முத்திரை, தேர்தல் சின்னம், காலமானவர் படம் என்று எதுவாக இருந்தாலும் துத்தநாகத் தகட்டில் ஆசிட் வைத்து பிளாக் எடுத்துக் கொடுத்தவன். ஆஃப்செட் வந்தது, பிளாக் போனது. அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. ஆசிட் புகையைக் குடித்து இருமிக்கொண்டிருந்தவனுக்கு அது விடுதலைதான். ஜெராக்ஸ் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டுக் கோர்ட் பக்கம் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் செண்பகம் டீச்சர் என்னைத் தேடி வந்தார். சொந்த ஊர் கடையம். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டு, மேலகரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து எட்சிங் பிரஸ் ஒன்றை இறக்கியிருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். கையில் ஒரு தகடு வைத்திருந்தார். "இந்த ஆசிட் ஏன் ஒரே மாதிரி அரிக்க மாட்டேங்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆசிட்டில் தண்ணீர் கூடிப்போய்விட்டது என்று பார்த்தவுடனே சொன்னேன். மறுவாரமே ஜெராக்ஸ் மெஷினை மச்சினனிடம் கொடுத்துவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அதிலிருந்து அவருக்கு நான் அண்ணாச்சி, எனக்கு அவர் டீச்சர்.

எட்சிங் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஆனால் பொறுமை வேண்டும். தகட்டின் மேல் மெழுகுப் பூச்சுப் பூசுவோம். அதற்கு கிரவுண்ட் என்று பெயர். அதன் மேல் ஊசியால் வரைந்தால் பூச்சு விலகி உலோகம் தெரியும். ஆசிட்டில் போட்டால் தெரிகிற இடம் மட்டும் அரிபட்டுப் பள்ளமாகும். பள்ளத்தில் மையை ஏற்றி, மேலே இருக்கும் மையைக் கஞ்சி போட்ட துணியால் துடைத்து, ஈரத் தாளை வைத்து பிரஸ்ஸில் ஓட்டினால் படம் தாளுக்கு வரும். தகட்டில் இருப்பது தாளில் இடம் வலமாக மாறி விழும். ரப்பர் ஸ்டாம்ப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனை பிரதிதான் என்று முதலிலேயே எழுதிவைத்து, அத்தனை போட்டதும் தகட்டைக் கெடுத்துவிட வேண்டும். லிமிடெட் எடிஷன் என்பதற்கு அர்த்தமே அதுதான். எங்களுடையது இருபத்தைந்து செட், அதோடு டீச்சருக்கென்று மூன்று. கடைசிப் பிரதி வந்த அன்றே தகட்டில் குறுக்கே இரண்டு கோடு ஆழமாகக் கிழித்துவிடுவது என் பழக்கம். பிளாக் வேலையில் ஒரே பிள்ளையாரை நூறு கல்யாணத்துக்கு ஓட்டியவன் நான். இங்கே வந்த பிறகு கோடு கிழிப்பதில் எனக்கு ஒரு கெத்து வந்துவிட்டது. நான் இருக்கும்போது கிழிக்கலாமே என்று டீச்சர் இரண்டு தடவை சொல்லியும் நான் காது கொடுக்கவில்லை.

3. நாவலும் ஏழாவது படமும்

படங்கள் ஒரு பழைய நையாண்டி நாவலுக்காக வரைந்தவை. எழுதியவர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. ஒரு ஜமீன் ஊரில் எல்லாரும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் கூடிச் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு, கடைசியில் ஊரே சிரிப்பாய்ச் சிரித்துப்போவதுதான் கதை. தும்முவதற்கு ஒரு விதி, மாடு எந்தப் பக்கம் வாலை ஆட்ட வேண்டும் என்பதற்கு ஒரு விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீச்சர் எனக்கு அதை வாசிக்கக் கொடுத்தார். நான் நாவல் வாசிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் இதை இரண்டு நாளில் முடித்துவிட்டேன்.

அதில் ஒரு கணக்கப்பிள்ளை வருகிறான். இடக்கைப் பழக்கம் உள்ளவன். எழுதுவதும் இடக்கை, சாப்பிடுவதும் இடக்கை. ஜமீன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, வலக்கையால்தான் சாப்பிட வேண்டும் என்ற விதியை மீறினான் என்று அவனைப் பாதியில் எழுப்பி விட்டுவிடுகிறார்கள். நாவலில் அது அரைப் பக்கம்தான். சிரிப்புக்காக எழுதியது. நானும் சிரித்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவரும் இடக்கைக்காரர். சின்ன வயதில் சாப்பாட்டு நேரம் வந்தால் வீட்டில் இடது கையைத் துண்டால் முதுகோடு சேர்த்துக் கட்டிவிடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் அந்த விரல் முட்டியிலேயே ஸ்கேல் விழுமாம். சாப்பாடு வலக்கைக்கு மாறிவிட்டது. படம் மட்டும் மாறவில்லை. இதையெல்லாம் அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை, தகடு தேய்த்துக்கொண்டே சொன்னார். பத்துப் படங்களில் முதலில் பென்சிலில் வரைந்தது அந்தப் பந்தியைத்தான். இருபது பேர் வலக்கையால் சாப்பிட, ஒருவன் மட்டும் இடக்கையைச் சோற்றில் வைத்தபடி நிமிர்ந்து பார்க்கிறான். அந்தப் பார்வைக்காக மட்டும் அவர் பத்து நாள் அழித்து அழித்து வரைந்தார். மற்ற ஒன்பது படங்களும் அதைச் சுற்றி வந்தவைதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

4. சாரலில் செய்த வேலை

ஆறு தகடுகளை டீச்சரே வரைந்தார். எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் பென்சில் படத்தைப் பார்த்து வரைவார். அப்படி வரைந்தால் தகட்டில் மாறி விழுந்து தாளில் நேராக வரும். பந்தி பெரிய வேலை என்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, எட்டு, ஒன்பது, பத்தை முன்னால் முடித்தார்.

அதற்குள் சீசன் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஊரெல்லாம் கார் வந்து நிற்கும், எங்களுக்கோ காயப்போட்ட தாள் காயாது. மேலகரத்து வீட்டு மாடிப்படியில் சாரலுக்குப் பாசி பிடித்திருந்தது. ஒரு காலையில் டீச்சர் அதில் வழுக்கி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டார்கள். படத்தைக் குற்றாலத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் முதன்முதலாக வைப்பதற்குத் தேதி குறித்தாயிற்று. சென்னையில் ஓவியக் காட்சி நடத்துகிற ஒருவர் அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். சீசனுக்கு வருகிற பெரிய ஆட்களுக்கெல்லாம் அழைப்பும் போய்விட்டது.

"பந்தியை நீங்களே தகட்டுல ஏத்திருங்க அண்ணாச்சி. கோடு உங்களுக்கு என்னவிட சுத்தமா வரும்" என்றார் டீச்சர். கை வலியோடு கடையத்தில் அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவருடைய பென்சில் படத்தை டிரேசிங் தாளில் எடுத்தேன். அதைக் கவிழ்த்துத் தகட்டின் மேல் வைத்து பிரஸ்ஸில் ஓட்டினால் பென்சில் கோடு கிரவுண்டில் ஒட்டும். கவிழ்த்து வைப்பதால் இடம் வலம் தானாகவே மாறிக்கொள்ளும். அதுதான் முறை. ஆனால் சாரல் ஈரத்தில் டிரேசிங் தாள் நமுத்துப்போய்ப் பென்சில் ஒட்டவே இல்லை. எரிச்சலில், சிவப்புத் தூள் தடவிய தாளைக் கீழே வைத்து, அதன் மேல் டிரேசிங்கை நிமிர்த்தி வைத்து, மேலே பென்சிலால் அழுத்தி வரைந்து ஏற்றினேன். கோடு பளிச்சென்று விழுந்தது. டிரேசிங்கைக் கவிழ்க்க வேண்டும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. பிளாக் வேலையில் அதையெல்லாம் ஃபிலிமும் கேமராவும் பார்த்துக்கொள்ளும். முப்பது வருடம் அந்தக் கவலையே இல்லாமல் ஓட்டியவன். படத்தில் ஓர் எழுத்து இருந்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன். பந்தியில் ஏது எழுத்து?

நான்கு நாள் ஊசி பிடித்தேன். ஆசிட்டில் போட்டு எடுத்துக் கழுவி, தகட்டை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் டீச்சருக்கு அனுப்பினேன். அவர் தன் பென்சில் படத்தின் போட்டோவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. "அருமையா வந்திருக்கு அண்ணாச்சி, போடுங்க" என்று குரல் செய்தி வந்தது. தகடு பென்சில் படத்தைப் போலவே இருந்ததுதான் பிழை என்பது அவருக்கும் தோன்றவில்லை, வலி மாத்திரை வேறு போட்டிருந்தார்.

இருபத்தெட்டுப் பிரதியும் போட்டேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மை சமமாக ஏறியிருக்கிறதா, ஓரம் சுத்தமா, தாள் சுருங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்தேன். மனிதர்கள் எந்தக் கையால் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. கடைசிப் பிரதி வந்ததும் வழக்கம்போல் கோடு கிழித்தேன். டீ குடிக்கப் போனேன்.

5. மூன்று நாட்கள்

ரெஜினா கடையிலிருந்து நேராக மேலகரம் வந்து தகட்டை எடுத்துப் பார்த்தேன். என் கோடு இரண்டும் பந்தியின் நடுவில் பெருக்கல் குறியாக ஓடியிருந்தது. அதை அடைக்க வழியில்லை. புதுத் தகடு ஏற்றலாம் என்றால் தாள் இல்லை. அந்தப் பருத்தித் தாள் வெளியிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். காட்சிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அப்போதே டீச்சருக்கு போன் போட்டிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன். கட்டுப் பிரித்து இரண்டு நாள்தான் ஆகிறது, இப்போது எதற்கு மனதைக் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே நல்லபிள்ளையாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. தென்காசியில் பிளாக் அண்ணாச்சி கையில் ஒரு பிளாக் பிழை என்று திரும்பி வந்தது கிடையாது என்று நானே எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன். அதை இழக்க எனக்கு மனமில்லை.

செவ்வாய்க்கிழமை டீச்சரே கூப்பிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். புதன்கிழமை முகூர்த்த நாள், சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் அத்தனை வலக்கைகளும் சோற்றைப் பிசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன். பாயசம் வரும் முன்னே எழுந்துவிட்டேன் என்று சம்பந்திக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். அதற்குள் என் மனம் இன்னொரு கணக்குப் போட்டு முடித்திருந்தது. ரெஜினாவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை, டீச்சரும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடலாம், காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் போன பிறகு எவன் கையைப் பார்க்கப் போகிறான் என்பதுதான் அந்தக் கணக்கு. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

6. கையெழுத்துப் போட வந்த நாள்

வியாழக்கிழமை டீச்சர் வந்தார். சென்னைக்காரரும் வந்திருந்தார். டீச்சர் முதல் படத்திலிருந்து பென்சிலால் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போடத் தொடங்கினார். கட்டுப் பிரித்த கை வெளிறிப்போய் மெலிந்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். பத்துக் கையெழுத்துக்கு ஒருமுறை நிறுத்தி விரலை மடக்கி நீட்டிக்கொண்டார்.

சென்னைக்காரர் மேசையின் மறுபக்கத்தில் அடுத்த படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏழாவதில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மேடம், இது ஜீனியஸ். ஊர் முழுக்க லெஃப்ட், ஒருத்தன் மட்டும் ரைட். அவனைத்தான் எழுப்பி விடறாங்க. நாவல்ல கூட இவ்வளவு கூர்மையா இல்ல. இதைத்தான் அழைப்பிதழ்லயே போட்டிருக்கணும்."

டீச்சருக்கு அவர் என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

உள்ளபடி சொன்னால் சென்னைக்காரர் சொன்னது நன்றாகத்தான் இருந்தது. நையாண்டிப் புத்தகம்தானே, தலைகீழாக இருந்தால் என்ன? அவரோடு சேர்ந்து தலையாட்டினால் நான் தப்பித்தேன். வேண்டுமென்றே செய்தது என்று டீச்சரே சொல்லிக்கொள்ளவும் வழி இருந்தது. ஆனால் டீச்சருடைய கண் அந்த ஓரத்து ஆளின் கையைவிட்டு நகரவில்லை. அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"ஜீனியஸும் இல்ல ஒண்ணும் இல்ல சார். அது பிழை. நான் தாளத் திருப்பி வைக்காம ஏத்திட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். யார் கேட்டாலும் இதை வெளியே சொல்ல வேண்டாம், படம் இப்போது இருப்பதுதான் நல்லது என்றார். தப்பாக வந்து நல்லதாகப் போன படங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு என்றும் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை. படத்தை உண்மையிலேயே ரசித்துத்தான் சொன்னார்.

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "சார், இதுல இருக்க ஆளுவள்ல அவன் ஒருத்தன்தான் நானு. அவன் கையையும் மாத்தியாச்சுன்னா மத்த ஒம்பது படத்தை நான் எதுக்கு வரைஞ்சேன்?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, இது உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"திங்கக்கெழமை."

"செவ்வாக்கெழமை நான் போன் போட்டேம்லா?"

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பென்சிலை மேசையில் வைத்துவிட்டுப் பின்வாசலில் போய் நின்றுகொண்டார். தகட்டைப் படம் பிடித்து அனுப்பியதில் அவரும் ஏமாந்தார்தான், அதை ஒரு வார்த்தையாகக்கூட அவர் என் மேல் திருப்பவில்லை. பிழையை அவர் அப்போதே மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். பொய்யைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

7. ஒன்பது நாள்

கால் மணி நேரம் கழித்து டீச்சர் உள்ளே வந்து, தாள் துண்டு ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று கேட்டார். பெரிய தாளை அளவுக்குக் கிழித்தபோது ஓரத்தில் விழுந்த துண்டுகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் பலகைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தேன். எடுத்து விரித்தோம். உள்ளங்கை அகலம், முழ நீளம். எண்ணிப் பார்த்ததில் முப்பதுக்குப் பக்கத்தில் தேறியது. அதில் இருபத்தொரு பேரை உட்கார வைக்க முடியாது.

"ஒருத்தனுக்கு எடம் இருக்குல்லா. போதும்" என்றார் டீச்சர்.

பழைய பிரதிகளை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை, அவரே கிழிக்கச் சொன்னார். சென்னைக்காரர் தனக்கென்று ஒன்றை மட்டும் கேட்டுப் பார்த்தார். டீச்சர் மாட்டேன் என்றுவிட்டார். ரெஜினாவிடம் இருந்த ஒன்றையும் வாங்கிவந்து, இருபத்தெட்டையும் நானே கிழித்தேன். நல்ல தாள் சீக்கிரம் கிழியாது. கை வலித்தது. வலிக்கட்டும் என்று கிழித்தேன்.

பிறகு நாளைக் கணக்குப் போட்டோம். ஆசிட்டுக்கு ஒரு நாள், அச்சுக்கு இரண்டு நாள், இந்தச் சாரலில் ஒற்றுத்தாள் மாற்றி மாற்றி இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டிக் காயவைக்க மூன்று நாள், பெட்டிக்கு ஒரு நாள். மிச்சம் இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் டீச்சர் தகட்டை வரைய வேண்டும். நான் ஊசி பிடிக்கிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணாச்சி, இத நானே போடுதேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என்றாலும் எனக்கு அது தைத்தது.

வெள்ளியும் சனியும் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவர் கண்ணாடியைப் பார்த்து வரைந்தார். கை தளர்ந்து போயிருந்ததால் ஒரு கோட்டுக்கு மூன்று தடவை ஊசியை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் மணிக்கட்டு பூரியாட்டம் வீங்கியது. ஐஸ் வாங்கிவந்து துணியில் சுற்றிக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு வரைந்தார். டாக்டர் சொன்ன ஒரு மணி நேரத்தை நான் ஞாபகப்படுத்தவில்லை. எந்த முகத்தோடு ஞாபகப்படுத்துவது?

தகட்டில் ஒரே ஓர் ஆள். முன்னால் ஓர் இலை, நுனி அவனுக்கு இடப்பக்கம். சுற்றி வெறும் வெள்ளை. இடக்கை சோற்றில் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறான். முதல் பிரதியை பிரஸ்ஸிலிருந்து உரித்ததும், மையைப் பார்க்கும் முன்னால் அவன் கையைப் பார்த்தேன். என் சொந்த இடக்கையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். டீச்சரிடம் நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வந்துட்டான்" என்றார். நான் பிரஸ்ஸைத் துடைத்தேன்.

இருபத்தெட்டுப் பிரதியும் போட்டு முடித்து, அன்று முதல்முறையாக, கோடு கிழிக்கும் ஊசியை டீச்சர் கையில் கொடுத்தேன்.

ரெஜினா தன் பங்குக்கு, சின்னத் தாள் பெட்டிக்குள் ஆடாமல் இருக்க அட்டையில் பள்ளம் வெட்டிக் கொடுத்தாள். இவ்வளவு பெரிய பெட்டியில் இந்தப் படம் மட்டும் ஏன் இத்தனூண்டு என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கே நான் கேட்டேம்லா அண்ணாச்சி, படம் அப்படித்தான்னு சொன்னியளே" என்று பிடி பிடித்துவிட்டாள். வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

குறித்த நாளில் குற்றாலத்தில் படங்களை வைத்தோம். அருவியில் குளித்துத் தலை ஈரத்தோடு வந்தவர்கள்கூட ஏழாவது படத்தின் முன்னால் நின்றார்கள். ஒரு பெரியவர், பந்தி என்று போட்டிருக்கிறதே, மற்றவர்கள் எங்கே என்று டீச்சரிடம் கேட்டார். "அவங்கள எல்லாம் அண்ணாச்சி கிழிச்சுட்டாவ" என்று என்னைக் கை காட்டினார் டீச்சர். பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், என் பெயரைக் கெடுக்காமலும் சொன்னார்.

8. எலும்பு டாக்டர்

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டுதான் இருக்கிறது. ஒப்புதலுக்குத் தகட்டைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள், தாளில் ஒரு பிரதி எடுத்து அதை அனுப்புங்கள். இது கைவேலைப் பாடம், யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, பிழை கண்ணில் பட்ட நிமிடத்திலேயே சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிடுங்கள். அதை நான் கற்றுக்கொண்டதற்கு விலை கொடுத்தது வேறொருவர்.

காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து டீச்சரை என் வண்டியில் தென்காசிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீக்கம் வற்றவில்லை. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டர், நான் சொன்னதற்கு மேல் கைக்கு வேலை கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். சாரலுக்கு அப்படி இருக்கும்போல" என்றார் டீச்சர். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். "இல்ல சார், ரெண்டு நாளு முழுசா ஊசி பிடிச்சாவ. என்னாலதான். நான் மூணு நாளு ஒரு விசயத்தைச் சொல்லாம வச்சிருந்தேன்" என்றேன். டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். இனி ஆறு மாதத்துக்கு ஊசி தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். டீச்சர் பின்னால் ஏறி உட்கார்ந்து, கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"இப்பம் மட்டும் ஒடனே சொல்லிட்டிய" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேகம் திங்கட்கிழமை எனக்கு இருந்திருந்தால், அந்தக் கைக்கு இரண்டு நாளுக்குப் பதில் ஐந்து நாள் கிடைத்திருக்கும்.